மண்வாரி வருவதற்கு முன்

கெடா மாநிலத்தில், குனோங் ஜெராய் மலையின் தெற்கே பூஜாங் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. பழந்தமிழர் கடாரம் என்று குறிப்பிட்ட வணிகத் தலம் இப்பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்று அங்கே கண்ணில் படுபவை நெல் வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளும்தாம். அங்குள்ள பழங்கோயில் ஒன்றின் பெயர் 'சண்டி பெண்டாங் டாலாம்'. மலாயில் 'பெண்டாங்' என்றால் நெல் வயல் என்று பொருள்.

இத்தகைய நிலத்தில் வீடுகளோ சாலையோ அமைக்கத் திட்டமிடும்போது, அடியில் என்ன இருக்கிறது என்பதை எப்படி அறிவது? நிலம் முழுவதையும் தோண்டிப் பார்க்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே, ஆய்வாளர்கள் சில இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தோண்டுகிறார்கள். இதுவே சோதனை அகழாய்வு.

முதலில் அவர்கள் நிலத்தில் வரிசையாக நடந்து, மேலே கிடக்கும் பானை ஓடுகளையும் செங்கல் துண்டுகளையும் குறித்துக்கொள்கிறார்கள். பின்னர் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்திப் பார்ப்பதும் உண்டு. ஈர மண்ணில் மின்சாரம் எளிதாகப் பாயும். செங்கல் சுவரோ அதைத் தடுக்கும். இந்தக் குறிப்புகளைக் கொண்டு, முளையடித்துக் கயிறு கட்டிச் சிறு சதுரக் குழிகளை அமைக்கிறார்கள்.

விளைநிலத்தின் மேல்மண் ஆய்வாளரை எளிதில் ஏமாற்றிவிடும். பலமுறை உழப்பட்டதால், பழைய ஓடும் நேற்றைய நெகிழித் துண்டும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும். செம்பனையின் வேர்களும் மண்ணைக் குலைத்துவிடுகின்றன. கலப்பை எட்டாத ஆழத்தில்தான் உண்மையான சான்றுகள் தொடங்குகின்றன. எனவே சிறு கரண்டியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே சலிக்கிறார்கள். கிடைப்பவை பொருள்கள் மட்டுமல்ல. மரத்தூண் உளுத்துப்போன இடத்தில் வட்டமான கருநிறக் கறை தங்கியிருக்கும். அந்தக் கறைதான் ஒரு வீட்டின் சுவடு! மனிதர் கைபடாத இயற்கை மண் தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்தி, வரைபடம் எழுதி, குழியை மூடிவிடுகிறார்கள்.

ஒன்றும் கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு விடையே, கட்டுமானம் தொடரலாம். ஆனால், இரண்டு குழிகளுக்கு இடையில் ஒரு சுவர் தப்பிவிடவும் கூடும். அதனால் எங்கே தோண்டுவது என்பதை முடிவு செய்வதே இப்பணியில் மிகக் கடினமானது. சான்றுகள் கிடைத்தால், விரிவான அகழாய்வு நடத்தலாம். அல்லது சாலையைச் சற்றே விலக்கி, அந்த இடத்தைத் திடலாக விட்டுவிடலாம்.

பூஜாங் பள்ளத்தாக்கிலுள்ள சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009-இல் அகழாய்வைத் தொடங்கினர். இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்றுச் செலுத்திய களிமண் குழாய்களும், செங்கல் கட்டடங்களும் வெளிப்பட்டன. ஆற்றங்கரையில் படகுத்துறைகளும் இருந்தன. அதே வட்டாரத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட 11-ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளியானது. மேம்பாட்டுக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அது அழிந்தது. அது மறைந்து கிடந்த கோயில் அன்று; ஆய்வாளர்கள் எண்ணிட்டுப் பதிவு செய்திருந்த கோயில். எனினும், அது தனியார் நிலத்தில் இருந்தது. பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவும் இல்லை. குழி தோண்டி அறிவது ஒரு வேலை, அறிந்ததைச் சட்டத்தால் காப்பது வேறொரு வேலை என்பதை அந்த இடிபாடு காட்டியது.

மரபுடைமைச் சிறப்புடையதாகத் தோன்றும் பொருளைக் கண்டெடுப்பவர் உடனே அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 கூறுகிறது. வடிகால் வெட்டும்போது பழைய செங்கல் ஒன்று தட்டுப்பட்டால், மாவட்ட அதிகாரியிடம் சொல்லலாம். அதுவரை செங்கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி வைத்தால், அது எந்த அடுக்கில், எந்தச் சுவரோடு சேர்ந்திருந்தது என்பதை எவராலும் சொல்ல முடியாது.