கூட்டம் குறைந்தது, சாவு கூடியது

கொரோனா ஊரடங்கு நடந்த 2020 ஏப்ரலில் நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் ரூட் 1 சாலையைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சிக்னல் பச்சையாகி, மஞ்சளாகி, சிவப்பாகும். கடக்க வண்டி இருக்காது. அந்த நாட்களை வைத்து நாம் சேர்த்துக்கொண்ட சில நம்பிக்கைகள் இன்னும் வாரக்கடைசி விருந்துப் பேச்சில் வந்து விழுகின்றன.

நம்பிக்கை: அப்போது எல்லோரும் வீட்டுக்குள்தான் இருந்தோம்.

உண்மை: கொரோனாவுக்கு முன் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பார்ட் ரயிலில் வார நாட்களில் சுமார் 4 லட்சம் பேர் போய்வந்தார்கள். 2020 ஏப்ரலில் நூற்றுக்கு ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். அந்த ஆறு பேரை மறந்துவிட்டுத்தான் "எல்லோரும்" என்கிறோம். வார்டைக் கழுவியவர், மளிகைக் கடையில் அட்டைப்பெட்டி பிரித்தவர், இரவு ஷிப்ட் நர்ஸ். 2021லும் சான் பிரான்சிஸ்கோ பெருநகரில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் 35 சதவீதம்தான்.

நம்பிக்கை: வீட்டிலிருந்து வேலை வந்துவிட்டது, இனி டிராஃபிக் குறைந்துவிடும்.

உண்மை: டிராஃபிக் நேரம் மாறி உட்கார்ந்துகொண்டது. காலை எட்டு மணி நெருக்கடி கொஞ்சம் தணிந்தது, மதியம் கூடியது. ஆபீஸ் போகிற வழியிலேயே முடிந்த வேலைகள் இப்போது தனித்தனி நடையாகிவிட்டன: பிள்ளையைக் கூட்டிவர ஒன்று, பால் வாங்க ஒன்று, பல் டாக்டரிடம் ஒன்று. சாலைக்கு ஆட்கள் சீக்கிரம் திரும்பினார்கள், ரயிலுக்கு அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. ஆனால் ஆபீஸ் கூட்டத்தை நம்பி ஓடிய, அதே வளைகுடாப் பகுதியின் கால்ட்ரெயின், 2024 செப்டம்பரில் மின்ரயிலாகி, சனி ஞாயிறிலும் அரை மணிக்கு ஒரு வண்டி விட்ட பிறகு, வாரக்கடைசிப் பயணிகள் கொரோனாவுக்கு முந்தைய அளவையும் தாண்டினார்கள். காலை, மாலைக்கு மட்டும் ரயில் விட்டால் போதும் என்ற பழைய கணக்கு இனி உதவாது.

நம்பிக்கை: சாலை காலி, அதனால் அந்த வருடம் உயிர்ச்சேதமும் குறைவு.

உண்மை: இதைத் திருத்தத்தான் எழுத உட்கார்ந்தேன். 2020இல் அமெரிக்கர்கள் வண்டி ஓட்டிய மொத்தத் தொலைவு ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்தது. போலீசில் பதிவான விபத்துகள் 22 சதவீதம் குறைந்தன. இறந்தவர்களோ 36,000 சொச்சத்திலிருந்து கிட்டத்தட்ட 39,000 ஆனார்கள். மோதல் குறைந்தது, மோதினால் உயிர் போகும் வாய்ப்பு கூடியது.

நாம் திட்டித் தீர்க்கும் நெரிசல்தான் நம் வேகத்தைக் கட்டிவைத்திருந்தது. முன்னால் ஒரு வண்டி இருந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். அது விலகியதும் என்ன ஆனது என்பதற்கு கலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீசின் கணக்கே போதும். மார்ச் 19 முதல் ஏப்ரல் 19 வரை 100 மைல் வேகத்துக்கு மேல் போனதற்காக எழுதிய டிக்கெட் 2,493. முந்தைய வருடம் அதே நாட்களில் 1,335. சாலையில் வண்டிகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்த மாதம் அது. 100 மைல் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 147 அடி போய்விடும். நாய்க்குட்டியோடு தெருவைக் கடக்கிறவரைக் கண்டு, மூளை சொல்லி, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நாடு முழுவதும் அந்த வருடம் வேகத்தால் வந்த சாவு 17 சதவீதம் கூடியது. குடித்து ஓட்டியதாலும், சீட் பெல்ட் போடாததாலும் வந்தவை தலா 14 சதவீதம் கூடின.

ஊரடங்கு முடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். 2021இல் வண்டிகள் திரும்பின. பழகிய வேகம் போகவில்லை. அந்த வருடம் இறந்தவர்கள் சுமார் 43,000 பேர், 2005க்குப் பிறகு மிக அதிகம்.

டெக்சாஸில் சாலையில் யாரும் சாகாத கடைசி நாள் 2000 நவம்பர் 7. ஹூஸ்டனும் டாலஸும் வெறிச்சோடிக் கிடந்த அந்த ஏப்ரலில்கூட, அப்படி இன்னொரு நாள் வரவில்லை.