கேலக்சியின் வாலைத் தேடி

இரண்டு கேலக்சிகள் மோதினால் என்ன ஆகும்? வகுப்பில் நான் கேட்கும்போதெல்லாம், “வெடிச்சிடும் அண்ணா!” என்றுதான் பதில் வரும். வெடிக்காது தம்பி. விண்மீன்களுக்கு நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி. ஒன்றை ஒன்று இடிப்பதே அபூர்வம். பெரிய கேலக்சி சின்னதைக் கிழித்து நூலாக இழுத்துவிடும், அதுதான் நடக்கும்.

எல்லாம் ஈர்ப்பு விசையின் வேலை. கடலில் ஓதம் வருவதும் இதே கணக்கில்தான். சின்ன கேலக்சியின் கிட்டப் பகுதி அதிகமாக இழுபடும், எட்டப் பகுதி குறைவாக. பிடி தளர்ந்த விண்மீன்கள் கழன்றுவிடும். அப்புறம் பள்ளித் திடல் ஓட்டத்தை நினைச்சுப் பாருங்க. எல்லாரும் ஒரே கோட்டில் புறப்பட்டால், உள்வட்டத்தில் ஓடுகிறவர் முந்துவார், வெளிவட்டத்தில் ஓடுகிறவர் பின்தங்குவார். அப்படி முன்னும் பின்னும் நீண்டுதான் வால் உருவாகிறது. ஈர்ப்பு மட்டுமே இப்படி வால் இழுக்கும் என்று 1972இல் ஆலார் தூம்ரே, யூரி தூம்ரே சகோதரர்கள் கணினியில் போட்டே காட்டினார்கள்.

சரி, சொந்தத் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலருக்கு இதில் என்ன வேலை? இங்கேதான் கதை சூடு பிடிக்குது.

டிராகோ விண்மீன் குழுவின் திசையில், சுமார் 5 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் என்ஜிசி 5907 இருக்கிறது. விளிம்பு நம் பக்கம் திரும்பியிருப்பதால் கத்தி முனை மாதிரி மெல்லிசாகத் தெரியும். அதைச் சுற்றி மங்கலான ஒரு வளைவை ஆய்வாளர்கள் 1998இல் கண்டார்கள். பிறகு ஆர். ஜே கபானி என்ற அமெரிக்க ஆர்வலர், நியூ மெக்சிகோவில் அரை மீட்டர் தொலைநோக்கியால் பல மணி நேரம் ஒளியைச் சேர்த்துப் படம் எடுத்தார். ஒரே இடத்தை அவ்வளவு நேரம் பார்க்கப் பெரிய ஆய்வகங்களில் லேசில் இடம் கிடைக்காது. டேவிட் மார்டினெஸ் டெல்காடோ குழு அதை 2008இல் வெளியிட்டது. படத்தில் இரண்டு சுற்று வளையம்! ஒரு குட்டி கேலக்சி சுற்றிச் சுற்றிக் கரைந்த தடம் என்றார்கள். கணினி மாதிரியும் பொருந்தியது.

ஆனா 2019இல், கேமரா லென்சுகளை வரிசையாக அடுக்கிச் செய்த ‘டிராகன்ஃபிளை’ கருவி அதே இடத்தைப் பார்த்தது. ஒரே ஒரு நீண்ட வளைவுதான். இரண்டாவது சுற்றைக் காணோம்! செர்பியாவில் 1.4 மீட்டர் தொலைநோக்கியால் தேடிய இன்னொரு குழுவுக்கும் அது அகப்படவில்லை. இரண்டு வேறு கருவிகள் ஒரே பதிலைச் சொல்வதால் நான் 2019 பக்கம்தான். அதே சமயம், முதல் வளைவு எல்லாப் படத்திலும் இருக்கே, அதை மறந்துடாதீங்க.

ஏன் இந்தக் குழப்பம்? இந்த வால்கள் இரவு வானத்தின் சொந்த வெளிச்சத்தைவிடப் பல மடங்கு மங்கல். இருட்டில் எடுத்த படத்தின் வெளிச்சத்தைக் கைபேசியில் கூட்டிப் பாருங்க, இல்லாத கறையெல்லாம் கிளம்பும். இன்னொரு தொல்லை, நம் பால்வெளியின் தூசி. எம்81 கேலக்சி அருகே ஹால்டன் ஆர்ப் 1965இல் கண்ட வளையத்தையும் முதலில் வால் என்றே நினைத்தார்கள். அதில் பெரும்பகுதி நம் வீட்டு வாசல் தூசிதான் என்று 2010இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அதனால் புதிதாக ஒரு வால் தெரிந்தால், அதே இடத்தை வேறு தொலைநோக்கியில் இன்னொருவர் எடுத்த படத்தோடு ஒப்பிடணும். பிறகு அகச்சிவப்பு வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைக்கணும். தூசி அதில் பளிச்சென்று தெரியும். விண்மீன் வால் தெரியாது.