‘முளைத்ததா?’ என்று மட்டும் கேட்டால் போதாது
பேச்சு சிகிச்சையின் பலனை அறிய எந்த முறை யாருக்குப் பொருந்தும்?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மடைப்பள்ளியில் வறுத்து நனைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடிந்ததும் அவிழ்த்துப் பார்ப்பார்கள். முளைவிட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் வரம் கொடுத்துவிட்டாள் என்பது நம்பிக்கை. ஒற்றை வார்த்தையில் பதில் கிடைத்துவிடும்.

மனநல ஆலோசனைக்கு அப்படி ஒரு விடியற்காலை கிடையாது. எட்டு வாரம் வந்துபோன ஒரு நெசவாளரை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளில் அவருடைய மனச்சோர்வு மதிப்பெண் 15-லிருந்து 9-க்கு இறங்கியிருக்கிறது. தாளைக் கொடுத்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது சொல்கிறார்: “இப்பல்லாம் தறியில உக்காந்தா மத்தியானம் வரைக்கும் எழுந்திரிக்கிறதில்லீங்க.” அந்த வரிக்குத் தாளில் கட்டமே இல்லை. அதைப் பிடிக்கத்தான் பண்புசார் முறைகள், அதாவது எண்ணோடு நிற்காமல் ஆளின் சொல்லையும் அனுபவத்தையும் கேட்கும் முறைகள்.

எண்கள் சொன்னதும் விட்டதும்

இதற்கு நல்ல உதாரணம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களிலேயே இருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் போய்ப் பேசி, குடும்பத்துக்கும் துணை நின்றால் பலன் கூடுமா என்று ‘காப்சி’ ஆய்வு சோதித்தது. சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனமும் இதில் பங்கேற்றது. காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்து 282 பேர். 187 பேருக்கு மருத்துவமனை சிகிச்சையோடு வீட்டு உதவியும் கிடைத்தது. 95 பேருக்கு மருத்துவமனை சிகிச்சை மட்டும். முடிவு 2014-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 12 மாதத்தில் வீட்டு உதவி பெற்றவர்களின் அறிகுறிகளும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. அதிலும் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஊரார் ஒதுக்குவதால் வரும் அவமானத்தின் அளவுகோலில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அந்த அவமானம் எங்கே வலிக்கிறது என்பதை மதிப்பெண் சொல்லாது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் 36 பேரிடம் உட்கார்ந்து விரிவாகப் பேசினார்கள். கல்யாணம், வேலை, வீட்டில் தனக்குரிய இடம் என்று பேச்சு அங்கேதான் போய் நின்றது. அளக்க 282 பேர் தேவைப்பட்டார்கள். புரிந்துகொள்ள 36 பேர் போதுமாயிருந்தது.

ஐந்து வழிகள்

1. சொந்த வார்த்தைப் படிவம். பிரிட்டனில் உருவான ‘சைக்லாப்ஸ்’ இந்த வகை. “உங்களை அதிகம் வாட்டுவது எது?” என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, எவ்வளவு வாட்டுகிறது என்று மதிப்பெண் போடச் சொல்வது. சிகிச்சை முடிந்ததும் அதே வரிக்கு மறுபடி மதிப்பெண். ஐந்து பத்து நிமிடத்தில் முடியும். ஆளும் பணமும் குறைவாக உள்ள மையம் இதில் தொடங்கலாம். என்ன மாறியது என்று காட்டும். ஏன் என்று காட்டாது.

2. மாற்ற நேர்காணல். உளவியலாளர் ராபர்ட் எலியட் வடிவமைத்தது. என்னென்ன மாறியது என்று முதலில் பட்டியலிடச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: இதை எதிர்பார்த்தீர்களா? சிகிச்சைக்கு வராமலே இது நடந்திருக்குமா? இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கக் குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். சிகிச்சை கொடுத்தவரே கேட்கக்கூடாது. “உங்களாலதான் மேடம் நல்லாயிட்டேன்” என்ற மரியாதை வார்த்தை மட்டுமே மிஞ்சும்.

3. ஒற்றை ஆள் விசாரணை. இதுவும் எலியட் தந்ததே. 2002-இல் விரிவாக எழுதினார். ஒருவருடைய அமர்வுக் குறிப்பு, மதிப்பெண், நேர்காணல் எல்லாவற்றையும் அடுக்கி, “சிகிச்சையால்தான்” என்று ஒரு தரப்பும் “இல்லை” என்று மறுதரப்பும் வழக்காடுவது. கடன் அடைந்ததா? ஆடிக்குப் பிறகு பட்டு ஆர்டர் கூடியதா? இடையில் மாத்திரை தொடங்கினாரா? வருடத்துக்குப் பத்துப் பேரைப் பார்க்கும் தனி ஆலோசகருக்கு ஏற்றது. நேரம் விழுங்கும்.

4. குழு உரையாடல். ஆறிலிருந்து எட்டுப் பேர். மையத்தின் நேரம் வசதியா, பஸ் கிடைக்கிறதா, வீட்டார் வர விட்டார்களா போன்ற விஷயங்களுக்கு இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் ஒரே தெருவில் பாதிப் பேர் சம்பந்திகளாகவும் பங்காளிகளாகவும் இருக்கும் ஊரில், சொந்தத் துக்கத்தை வட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டார்கள், சொல்லிவிட்டால் அதைவிட ஆபத்து.

5. கூட இருந்து பார்த்தல். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலுக்கு மனநலக் குறையோடு வந்து தங்கியவர்களை ரகுராமும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2002-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்’ எழுதினார்கள். 31 பேர், சராசரியாக ஆறு வாரத் தங்கல். அறிகுறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. எண்ணோடு நின்றிருந்தால் ஏதோ பெரிய சடங்கு நடந்தது என்று நினைத்திருப்போம். அங்கே போய்ப் பார்த்ததால்தான் தனிச் சடங்கு ஏதும் இல்லை, கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகளும் அதட்டாத சூழலும்தான் இருந்தன என்று தெரிந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால், இவைதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

எதை எடுப்பது?

நிதி தருபவர் “எத்தனை பேர் தேறினார்கள்?” என்று கேட்டால் இந்த ஐந்தும் உதவாது, அளவுகோலும் ஒப்பீட்டுக் குழுவும் வேண்டும். “எது உதவியது?” என்றால் இரண்டாவது. “இவருக்கு உதவியதா?” என்றால் மூன்றாவது. “ஏன் பாதியில் நின்றுபோகிறார்கள்?” என்றால் நான்காவதோடு, நின்றவர்களிடம் தனியாகவும் பேசுங்கள். முடித்தவர்களை மட்டும் கேட்டால் ஊரெல்லாம் குணமானதாகத் தோன்றும். கேள்வியே இன்னும் பிடிபடவில்லை என்றால் ஐந்தாவது. கையிருப்பு குறைவென்றால் எல்லாருக்கும் முதலாவது, அவர்களில் எட்டுப் பத்துப் பேருக்கு இரண்டாவது என்று இணைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் சில காவல்கள் உண்டு. மாமியார் காதில் விழும் திண்ணையில் நேர்காணல் வேண்டாம். பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். ரகசியம் காக்கப்படுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. தறி, தெரு, ஜரிகைக் கணக்கு போன்ற அடையாளங்கள் ஒரு சின்ன ஊரில் பெயரைவிட வேகமாக ஆளைக் காட்டிக்கொடுக்கும், அறிக்கையில் மாற்றிவிடுங்கள். “எது மாறல?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.

ரெக்கார்டரை அணைத்தவுடன் எழுந்து ஓடிவிடாதீர்கள். வாசல்வரை கூட நடங்கள். செருப்பு மாட்டும்போது அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாமா என்று அங்கேயே கேட்டு, அன்றிரவே எழுதிவையுங்கள்.