கண்ணாடித் தொட்டி மீன்களுக்கு ஏற்ற நீர் வடிகட்டி

தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம் ஆகிய ஊர்களில் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து அலங்கார மீன் வளர்ப்பது இக்காலத்தில் சாதாரணமாகிவிட்டது. நம் அங்கத்தினர் இல்லங்களிலும் குழந்தைகளின் விருப்பத்திற்காக வாங்கிய தொட்டிகள் பல உண்டு. வாங்கிய முதல் மாதத்திலேயே மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்து மிதப்பதும் அவ்வாறே சாதாரணமாக இருக்கிறது. நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கும். தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் என்று கருதுவதே இந்த நஷ்டத்திற்கு முதற்காரணமாகும்.

மீனின் கழிவிலிருந்தும், உண்ணாமல் அடியில் தங்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் மீனின் செவுள்களை அரித்துவிடும் நஞ்சு. நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இதை விளக்குவது எளிது. நிலத்திலிட்ட யூரியா அம்மோனியாவாகி, பின்னர் நைட்ரைட்டாகி, முடிவில் பயிர் உறிஞ்சும் நைட்ரேட்டாக மாறுகிறதன்றோ? அந்த மாற்றத்தைச் செய்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் என்பதை ருஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தெடுத்துக் காட்டினார். தொட்டியிலும் இதே வேலையே நடைபெற வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று, நீரை மாற்றுவதால் நீங்கிவிடும்.

ஆகவே வடிகட்டி என்பது அழுக்கைப் பிடிக்கும் சல்லடை மட்டுமன்று. இந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு. அவற்றுக்கு ஒட்டிக்கொள்ளப் பரப்பும், சுவாசிக்க ஓயாத நீரோட்டமும் தேவை. இவ்விரண்டையும் எந்தச் சாதனம் குறைந்த செலவில் தருகிறதோ அதுவே நமக்கு ஏற்றது.

கடைகளில் பலவகைச் சாதனங்கள் கிடைக்கின்றன. சரளைக்கு அடியில் வைக்கும் தட்டு, நீரில் மூழ்கியிருக்கும் மோட்டார் வடிகட்டி, விளிம்பில் தொங்குவது, வெளியில் வைத்துக் குழாய்களால் இணைக்கும் மூடிய கானிஸ்டர் என்று அவை விரியும். கானிஸ்டர் பெரிய தொட்டிகளுக்குத் திறமையானதே. ஆயினும் விலை ஆயிரக்கணக்கில் ஆகும். மின்சாரம் பல மணி நேரம் நின்றால் மூடிய பெட்டிக்குள் பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும். மின்சாரம் திரும்பியதும் அந்த அழுகல் நீர் தொட்டிக்குள்ளேயே பாயும். சரளைத் தட்டில் நாளடைவில் கசடு அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யத் தொட்டியையே கலைக்க நேரிடும்.

சில நூறு ரூபாயில் அடங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டியும் ஒரு சிறு காற்றுப் பம்பும் சாதாரணக் குடும்பத் தொட்டிக்குப் போதுமானவை என்பதே எமது கருத்து. காற்றுக் குமிழிகள் மேலெழும்போது நீர் ஸ்பாஞ்சின் வழியாக இழுக்கப்படுகிறது. குஞ்சு மீன்களும் உள்ளே இழுக்கப்படுவதில்லை. மின்வெட்டின்போது மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பை அதே குழாயில் மாட்டிவிடலாம். பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் அவசியம்; இல்லையேல் மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்பைக் கெடுத்துவிடும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி 2 கன அடி. முழுதும் நிரப்பினால் சுமார் 56 லிட்டர். சரளை, காலியிடம் போக 50 லிட்டர் என்று கொள்வோம். மோட்டார் வடிகட்டியே வேண்டுமென்போர் மணிக்கு நான்கு முறையாவது அந்நீர் சுற்றிவரும் அளவு, அதாவது 200 லிட்டருக்குக் குறையாதது வாங்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவு தடையின்றி ஓடும்போது கிடைப்பது; பஞ்சு அடைத்தபின் அது குறையும்.

வடிகட்டிக்குள் வைக்க வீட்டிலுள்ள கழிவு நூலை உபயோகிக்கலாமா என்று நெசவாளர் கேட்கக்கூடும். பருத்தி நூல் நீரில் அழுகும். சாயமும் கஞ்சியும் கலந்ததாயின் கேடு இருமடங்கு. பாலியஸ்டர் பஞ்சே தக்கது.

இனி நீரைக் கவனிப்போம். குழாய் நீரில் கிருமி நீங்கக் கலக்கும் குளோரின் மீனையும் நுண்ணுயிரையும் ஒருங்கே கொல்லும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் அகன்றுவிடும். அவசரமாயின் சோடியம் தயோசல்பேட்டு சிறிது இடலாம். நூலை வெளுத்தபின் எஞ்சிய குளோரினைப் போக்கச் சாயத் தொழிலாளர் அறிந்திருக்கும் ‘ஹைப்போ’தான் அது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பாத்திரத்தில் வெண்மையாகப் படிவதாயின் அது கடின நீர். கப்பி, மோலி ஆகிய மீன்களுக்கு அது உகந்ததே; ஆனால் காரத்தன்மை மிகுந்தால் அம்மோனியாவின் நஞ்சும் மிகும் என்பதை மறக்கலாகாது. குடிநீருக்கு வைத்துள்ள ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரை மட்டும் ஊற்றுவது வீண் வேலை. மீனுக்கு வேண்டிய உப்புக்களும் நீங்கிவிடும். சுத்திகரிக்கையில் ஒரு பங்கு நீர் கழிவாகவும் போகும்.

திராட்சைத் தோட்டக்காரர்கள் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். போர்டோ கலவையிலுள்ள மயில்துத்தம் செம்புச் சத்துடையது. மிகச் சிறிதளவே மீனுக்கும் நத்தைக்கும் போதுமான விஷம். மருந்து தெளித்த கையைத் தொட்டியில் நனைப்பதும், தெளிப்புக்கு எடுத்த வாளியில் நீர் கொணர்வதும், தெளிக்கும் காலத்தில் தோட்டத்து வாய்க்கால் நீரை எடுப்பதும் கூடாது. வடிகட்டி இதற்கெல்லாம் பரிகாரமாகாது. கரித்தூள் அடைத்த வடிகட்டி நிறத்தையும் நாற்றத்தையும் ஓரளவு போக்குமேயன்றி அம்மோனியாவை நீக்காது.

புதிய தொட்டியில் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். முதலில் இரண்டொரு மீன்களே விடுக; தீனியைக் குறைவாக இடுக. பழைய தொட்டி வைத்திருக்கும் அண்டை வீட்டார் தாம் உபயோகித்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கொடுத்தால் அதுவே சிறந்த உறைமோர். வாரந்தோறும் கால்பங்கு நீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் சோப்பிட்டுக் கசக்குவோர் பலர். அவ்வாறு செய்யின் நுண்ணுயிர்க் கூட்டமே அழிந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிதல் வேண்டும். மாற்றியெடுத்த நீரை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றலாம். அதில் தழைச்சத்து உண்டு.

இயந்திரமின்றி மீன் வளர்க்க இயலாதா எனின், இயலும். 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் தங்கமீன்களையும் நீர்ச்செடிகளையும் ஒரே பாத்திரத்தில் நெடுநாள் வாழவைத்துக் காட்டினார். மீன் குறைவாகவும் செடி மிகுதியாகவும் இருந்தாலன்றி அது கைகூடாது.

சாதனத்திற்குப் பதிலாகக் கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்யும் சக்கர் மீனை வாங்கச் சிலர் யோசனை கூறுவர். அது பாசியைத் தின்னுமேயன்றி நீரைச் சுத்தம் செய்யாது. தன் கழிவையும் சேர்க்கும். ஓரடிக்கு மேலும் வளர்ந்து தொட்டியில் அடங்காமற் போகும். அப்போது அதை முல்லையாற்றிலோ கண்மாயிலோ விடுவது பெருந்தீங்கு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் தமிழகத்து நீர்நிலைகள் சிலவற்றில் ஏற்கெனவே பெருகி, வலைஞர்க்கு இடையூறாகியிருக்கிறது. நம் பள்ளத்தாக்கிற்கு நீர் தரும் பெரியாற்று ஏரியிலும் வெளிநாட்டுக் கெண்டையும் திலேப்பியாவும் பெருகி, அங்கன்றி வேறெங்கும் காணாத மீனினங்களை நெருக்கி வருகின்றன. வேண்டாத மீனை வாங்கிய கடையிலோ வேறு தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடுக.