கயிற்றின் இரு முனைகள்

நெய்தல் நில மக்களுக்குக் கடலே விளைநிலம். காற்றே காலம் காட்டும் கருவி. பொறிகள் வராத காலத்தில் தோணி எப்போது புறப்பட வேண்டும், எப்போது கரை திரும்ப வேண்டும் என்பதைக் காற்றே முடிவு செய்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நாள் ஒன்று எவ்வாறு தொடங்கி எவ்வாறு நிறைவுற்றது என்பதையும், அந்நாளைத் தாங்கி நின்ற மனித நம்பிக்கையையும் இப்பாடம் விளக்குகிறது.

இடம்பெயர்ந்த துறைமுகங்கள்

தாமிரபரணி ஆறு கடலொடு கலக்கும் பகுதியில் சங்க காலத்தில் சிறந்து விளங்கிய துறைமுகம் கொற்கை. அகநானூறு, மதுரைக்காஞ்சி முதலிய நூல்கள் கொற்கையின் முத்து வளத்தைப் போற்றுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிபுளூஸ்' என்னும் கடல்வழி நூலும் இத்துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகள் அங்கு முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டனர் என்பது அந்நூல் தரும் செய்தி. மத்தியதரைக் கடல் நகரங்களின் செல்வர்கள் விரும்பி அணிந்த முத்துகளுக்குப் பின்னால் இத்தகைய துயரமும் மறைந்திருந்தது.

ஆறு கொண்டுவந்த வண்டல் படியப் படியக் கடல் பின்வாங்கியது. கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூர். அதன் சிறப்புக் காயலுக்கும், பின்னர்ப் புன்னைக்காயலுக்கும், அதன்பின் தூத்துக்குடிக்கும் சென்றது. பாண்டியருக்குப் பிற்காலத்தில் போர்த்துகீசியரும், 1658ஆம் ஆண்டு முதல் டச்சுக்காரரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் தூத்துக்குடியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். துறைமுகம் இடம் மாறியது, ஆட்சி கைமாறியது. ஆயினும், முத்துக்குளிக்கும் முறை பெரிதும் மாறவில்லை.

காற்று வகுத்த கால அட்டவணை

முத்துக்குளிப்பைச் 'சலாபம்' என்றும் வழங்குவர். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன்னுள்ள இடைவெளியே சலாபத்துக்கு ஏற்ற காலம். பெரும்பாலும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும், நீரும் தெளிந்திருக்கும்.

இக்காலத்தில் நாள்தோறும் இருவகைக் காற்றுகள் முறைமாறி வீசும். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் கரையிலிருந்து கடல் நோக்கி நிலக்காற்று வீசும். பகலில் நிலம் விரைவாகச் சூடேறுவதால் கடலிலிருந்து கரை நோக்கிக் கடற்காற்று வீசும். அறிவியல் நூல்கள் கூறும் இந்த உண்மையைக் கடலோர மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

எனவே, தோணிகள் நள்ளிரவை ஒட்டிப் பாய் விரித்தன. நிலக்காற்று அவற்றை இருளினூடே கிழக்கு நோக்கிச் செலுத்தியது. சுக்கான் பிடிப்பவர் விண்மீன்களைக் கொண்டு திசையறிந்தார். கிழக்கு வெளுக்கும் வேளையில் தோணிகள் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளை அடைந்தன. இத்திட்டுகள் 'பார்' எனப்படும்.

பாரில் ஒரு முற்பகல்

கதிரவன் எழுந்ததும் வேலை தொடங்கும். பெரிய தோணி ஒன்றில் பத்துக் குளியாட்கள் வரை இருப்பர். ஒருவர் மூழ்க மற்றவர் இளைப்பாற, இருவர் மாறிமாறி ஒரே கல்லைப் பயன்படுத்துவதும் உண்டு. மூழ்குபவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லின்மேல் காலூன்றுவார். மற்றொரு கயிற்றில் கட்டிய வலைக்கூடையைப் பற்றிக்கொள்வார். மூச்சை நிறைய இழுத்து, மூக்கைப் பொத்தியபின் கல்லின் கனத்தால் விரைந்து ஆழத்துக்குச் செல்வார்.

அவர் அடியை அடைந்ததும் தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துவிடுவார். ஏறத்தாழ ஒரு நிமிடமே கிடைக்கும் நேரம். அதற்குள் கைக்கு எட்டும் சிப்பிகளையெல்லாம் திரட்டிக் கூடையில் இடவேண்டும். மூச்சு முட்டும் நிலையில் அவர் கயிற்றை அசைப்பார். மேலிருப்பவர் அக்கணமே கூடையோடு அவரையும் இழுத்தாக வேண்டும். நொடிப்பொழுது கவனம் சிதறினாலும் ஓர் உயிர் இழப்பாகிவிடும்.

இதனால், கயிறு பிடிக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பது குளியாளின் வாழ்வைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று. மனைவியின் உடன்பிறந்தவராகிய மைத்துனரே அதற்கு உரியவர் என்பது இக்கடற்கரையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குகிறது என்பதை அறிந்தவர் ஒருபோதும் கண்ணயரமாட்டார் என்று மக்கள் நம்பினர். கணவன் கடலடியில் இருக்க, மனைவி கரையில் காத்திருக்க, இருவரையும் இணைக்கும் கயிறு மைத்துனரின் கையில் இருந்தது. பெரிபுளூஸ் குறிப்பிடும் குற்றவாளிகளைத் தண்டனை கடலில் இறக்கியது. பிற்காலக் குளியாளை மீண்டும் மேலே கொண்டுவந்தது உறவு.

தெரிந்து தெளிவோம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியுள்ளார். கிடைத்த முத்துகளில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கும், கொடிய மீன்கள் தாக்காதவாறு மந்திரம் ஓதியவருக்கு இருபதில் ஒரு பங்கும் அளிக்கப்பட்டதாக அவர் குறிப்பிடுகிறார். சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட இத்தகையோர் 'கடல்கட்டி' என அழைக்கப்பட்டனர்.

கரை திரும்புதல்

நண்பகலை ஒட்டி முத்துக்குளிப்பு நிறுத்தப்படும். அதற்குள் கடற்காற்று எழுந்துவிடும். இரவில் கடலுக்குள் அழைத்துச் சென்ற பாயே இப்போது தோணியைக் கரைக்குக் கொண்டுவரும். காற்றுப் பொய்த்த நாளில், களைத்த கைகளே துடுப்பு வலிக்க நேரிடும்.

கரையை அடைந்ததும் சிப்பிகள் 'கொட்டு' எனப்படும் வேலியிட்ட இடத்தில் குவித்துப் பங்கிடப்படும். ஆங்கிலேயர் காலத்தில் நடந்த சலாபங்களில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாட்களுக்கும் உரியதாக இருந்தது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். எல்லாச் சிப்பிகளிலும் முத்து இருப்பதில்லை. எனவே, ஏலம் எடுத்தவரும் குளியாளும் ஒருசேர நற்பேற்றை எதிர்நோக்கினர். உயிரைப் பணயம் வைத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அமைதியான பார்கள்

முத்துச்சிப்பிகள் ஆண்டுதோறும் ஒரே அளவில் பெருகுவதில்லை. நீரோட்டத்தால் படியும் மணலும் சிப்பியை உண்ணும் உயிரினங்களும் ஒரு பாரையே வெறுமையாக்கிவிடும். சில ஆண்டுகள் தொடர்ந்து சலாபம் நடப்பதும், பின் பல ஆண்டுகள் நடைபெறாது போவதும் இக்கடலின் வழக்கம். 1955இல் மீண்டும் தொடங்கிய சலாபம் 1961ஆம் ஆண்டோடு நின்றது. அதன்பின் தூத்துக்குடியில் சலாபம் நடைபெறவில்லை.

1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள், சிப்பிக்குள் கருவைச் செலுத்தி முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர். அதற்கு அடுத்த ஆண்டில் தூத்துக்குடி இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனாரின் பெயர் 2011இல் அத்துறைமுகத்துக்குச் சூட்டப்பட்டது. பாய்த்தோணிகளுக்கும் பொறிகள் பொருத்தப்பட்டன. இன்று புறப்படும் கப்பல்கள் நிலக்காற்றுக்காகக் காத்திருப்பதில்லை.

எனினும், கடல் தன் எல்லையை மறக்கவில்லை. முத்துப்பார்களையும் பவளப்பாறைகளையும் கொண்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளைக் கண்மூடித்தனமாக வெட்டியெடுத்ததால் அத்தீவுகளுள் சில அரிப்புக்கு உள்ளாகி நீரில் மூழ்கின. மூழ்கியவரின் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அறிந்து கயிற்றை இழுத்தவர் அன்றைய மைத்துனர். கடல் எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்து உரிய நேரத்தில் கையை இழுத்துக்கொள்ளும் பொறுப்பு இன்றைய தலைமுறையினருக்கு உண்டு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் வீசும் காற்றுகளுக்கு மக்கள் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவை வீசும் திசையையும் காலத்தையும் குறிப்பிட்டு அட்டவணை உருவாக்குக.

2. 'கயிறு பிடிப்பவரின் ஒரு நாள்' என்னும் தலைப்பில் மைத்துனர் கூறுவதாக ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'கடல்வளம் எடுப்போருக்கே உரியதா, எதிர்காலத் தலைமுறைக்கும் உரியதா?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.