பள்ளியில் கொடுத்த சீட்டு பத்திரமா?

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு, "இதயத்துல சத்தம் கேட்குது, எக்கோ எடுங்க" என்று சீட்டு கொடுத்ததா? பிள்ளை நல்லாத்தானே ஓடியாடுது என்று அதை மடித்து வைத்துவிடாதீர்கள். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருந்தாலும், பல வருடம் தொந்தரவே தெரியாமல் இருக்கலாம். சில சத்தங்களுக்குக் காரணமே இருக்காது. அதையும் எக்கோதான் சொல்லும்.

சின்ன ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளலாம். பெரியது என்றால் நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டே இருக்கும், அங்கே அழுத்தம் ஏறும். ரொம்ப ஏறிவிட்டால் பிறகு ஓட்டையை மூடவே முடியாது. சுவரின் நடுப்பகுதி ஓட்டையைப் பெரும்பாலும் நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே அடைத்துவிடலாம். மற்றதற்கு ஆபரேஷன்தான்.

பள்ளிப் பரிசோதனையில் தெரியவந்தால் 18 வயது வரை சிகிச்சை இலவசம். எங்கே போவதென்று தெரியலையா? 104-க்கு போன் பண்ணுங்க. போகும்போது அந்தச் சீட்டு கையில் இருக்கட்டும்.