காத்துக்கு எந்த பைப்?

நம்ம தோட்டங்களில் கொழுந்து வேலையோடு கைத்தொழிலும் பார்க்கிற வீடுகள் இப்போது கூடியிருக்கின்றன. இஸ்தோப்பை அடைத்து டயர் பஞ்சர் ஒட்டுகிறார்கள், ஓட்டோவுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஒரு லயத்தில் நாம் கண்டது மனதை உறுத்தியது. கம்பிரஷர் காற்றைக் கொண்டுபோக, தண்ணீருக்குப் போடும் பிவிசி பைப்பைச் சுவரோடு இழுத்திருந்தார் ஒரு தம்பி. அதற்கு நேர் கீழே பிள்ளையின் தொட்டில்.

"தண்ணி பிரஷரையே தாங்குது, காத்தைத் தாங்காதா சேர்? பைப்பிலயே நம்பர் போட்டிருக்கே" என்றார். நியாயமான கேள்விதான்.

அந்த நம்பர் தண்ணீருக்கு, அதுவும் சூடில்லாத தண்ணீருக்கு. தண்ணீரை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது. அதனால் பைப் வெடித்தாலும் பிரஷர் உடனே இறங்கிவிடும். காற்று அப்படியல்ல. 100 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய எட்டு பங்கு காற்றை ஒரு பங்கு இடத்தில் திணித்து வைத்திருக்கிறோம். பைப் விட்டால் அவ்வளவும் ஒரே அடியாக விரியும். பிவிசி கிழிந்து போகாது, கண்ணாடி மாதிரி கூரான துண்டுகளாகப் பறக்கும். கம்பிரஷரில் இருந்து வருவதோ சூடான காற்று. சூட்டில் பிவிசி பலம் குறையும், வெயிலில் நொறுங்கும் தன்மை கூடும். பல மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் ஸ்பேனர் பட்டாலே வெடிக்கலாம். இப்படிக் காற்றுக்குப் பிவிசி போடுவதைப் பற்றி அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1988லேயே எச்சரித்திருக்கிறது.

அப்போ எதைப் போடுவது? ஜிஐ பைப் போடலாம். உள்ளே துரு பிடிக்கும், ஆகவே பெயின்ட் வேலைக்கு பில்டர் வேண்டும். செம்பு துருப்பிடிக்காது, சல்லிதான் கூட. நம்மைக் கேட்டால், ஒரு காம்பரா அளவு வேலைக்கு பைப்பே தேவையில்லை. காற்றுக்கென்று செய்த ரப்பர் ஹோஸ் போதும். அதில் அச்சடித்திருக்கும் வேலை பிரஷர், கம்பிரஷர் நிற்கும் பிரஷரைவிடக் கூடவா என்று பார்த்து வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற ஹோஸ் சரிவராது.

நம்ம மலைநாட்டு ஈரத்துக்கு டேங்கில் தண்ணீர் சேரும். வேலை முடிந்ததும் அடி வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். இரும்பு பைப் என்றால் சற்றுச் சரிவாகப் போட்டு, தாழ்ந்த முனையிலும் ஒரு வால்வு வையுங்கள். மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் கசிவு தெரியும். எதைக் கழற்றுவதானாலும் முதலில் காற்றை முழுக்க விட்டுவிடுங்கள்.

தம்பி மறுநாளே தொட்டிலை உள்காம்பராவுக்கு மாற்றினார். சம்பளத்துக்குப் பிறகு ஹோஸ் வாங்கிவிட்டார். கழற்றிய பிவிசி இப்போது பீலியில் இருந்து கோவாப் பாத்திக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது.